குருகும் உண்டு – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிக் கவிதை படிக்கிறோம். யாரும் தமிழை முறையாகப் படித்தவர்கள் இல்லை. போன முறை குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டை எடுத்துக்கொண்டோம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பாட்டு எல்லோருக்கும் பிடித்தது. சண்டை குருகில், அதாவது கொக்கில் வந்தது. ஒருவர், குருகுதான் தலைவன், ஆரல் மீன் தலைவி, இது உள்ளுறை உவமம் என்றார். இன்னொருவர், வெள்ளைப் பறவை என்றாலே தூய்மை, தலைவியின் களங்கமில்லாத மனம்தான் குருகு என்றார். மூன்றாமவருக்குக் கோபமே வந்துவிட்டது. தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது, அவ்வளவுதான், கபிலர் இவ்வளவும் யோசித்தா எழுதியிருப்பார், நீங்களாக ஏற்றிச் சொல்கிறீர்கள் என்றார்.

எனக்கு மூன்றும் சரி போலவும் இருக்கிறது, தப்பு போலவும் இருக்கிறது. கவிதைக்கு யார் என்ன பொருள் சொன்னாலும் சரிதானா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கவிதை படிக்கும்போதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று கூச்சமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூவரில் பாட்டுக்கு மிகப் பக்கத்தில் நிற்பவர் அந்தக் கோபக்காரர்தான். தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது. சரி, அங்கேதான் தொடங்க வேண்டும். 'அவ்வளவுதான்' என்று சொல்லி எழுந்து போனாரே, அது மட்டும்தான் அவர் செய்த தப்பு. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

முதலில் யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்த நிலையில் என்று பார்த்துக்கொள்வோம். தலைவி தோழியிடம் பேசுகிறாள். கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. அவர்கள் கூடியது யாருக்கும் தெரியாது. அவன் 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லிவிட்டால் இவள் யாரைக் கூப்பிட்டு நிரூபிப்பாள்? அப்போது யாரும் இல்லை, அவன்தான் இருந்தான், அவனோ கள்வன். இந்த ஒழுக்கத்துக்கே களவு என்றுதான் பெயர், ஆக அவளையும் அறியாமல் அந்தச் சொல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இவ்வளவும் சொன்ன பிறகு, மறந்துபோன ஒன்று திடீரென்று நினைவுக்கு வருவதுபோல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள்.

'யாரும் இல்லை', 'குருகும் உண்டு'. இரண்டு உம், ஓர் இல்லை, ஓர் உண்டு. முதல் உம் ஊரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. கடைசி வரியின் உம் அந்தக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பறவையை மட்டும் உள்ளே விடுகிறது. அந்த உம்மை எடுத்துவிட்டு 'குருகு உண்டு' என்று படித்துப் பாருங்கள், வெறும் தகவலாகிவிடும். உம் இருப்பதால்தான் அவளுடைய பரிதாபம் தெரிகிறது, சாட்சி தேடித் தேடிக் கடைசியில் ஒரு கொக்கு வரைக்கும் வந்து நிற்கிறாள். அந்தச் சாட்சிக்கும் வாய் கிடையாது. போதாததற்கு அது இவர்களைப் பார்க்கவே இல்லை, ஓடும் நீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தக் கால். ஐந்து வரிப் பாட்டில் ஒரு முழு வரி கொக்கின் காலுக்குப் போயிருக்கிறது. சாட்சி சொல்லப் பார்வைதானே வேண்டும், கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. தினையின் தாள் போன்ற சிறிய பசுமையான கால் என்கிறாள். குளத்துக் கொக்கின் காலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மங்கலான பச்சையில் ஒரு தண்டு மாதிரிதான் இருக்கும், அசையாமல் நின்றால் நீரில் முளைத்த செடி என்றே மீன் நினைக்கும். செடிபோல நின்று ஏமாற்றுவதும் ஒரு களவுதான், முதல் வரியின் கள்வன் இங்கே லேசாக நிழலாடுகிறான். இன்னொன்று, தினை. நீரில் நிற்கும் பறவைக்கு உவமை தேடுகிறவள் நீரை விட்டுத் தினைப்புனத்துக்குப் போகிறாள். மலைநாட்டுப் பெண், புனம் காக்கிறவள், நாளெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருப்பது தினைத்தாளைத்தான்.

அவள் ஏன் காலைப் பார்த்தாள்? அந்த நேரத்தில் அவள் தலை குனிந்திருந்தது என்பது என் ஊகம். பாட்டு அப்படிச் சொல்லவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

இப்போது 'குருகுதான் தலைவன், ஆரல் தலைவி' என்ற நண்பரிடம் வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மீனுக்காகக் காத்திருக்கும் பறவையின் பசியையும் அவனுடைய பசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் குருகு சமம் தலைவன் என்று கணக்குப் போட்டவுடன் என்ன ஆகிறது பாருங்கள், சாட்சி காணாமல் போய்விடுகிறது! அந்த இடத்தில் மறுபடி அவனும் அவளும் மட்டும்தான் மிச்சம். குருகை உள்ளே விடத்தான் அந்தக் கடைசி உம்மே வந்தது, அதையே கலைத்துவிடும் விளக்கத்தை நான் ஏற்க மாட்டேன்.

உள்ளுறை என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். தொல்காப்பியம் சொல்கிற விஷயம்தான் அது, பாட்டில் வரும் மரம், மீன், பறவைக்குள் சொல்லாத பொருளை ஒளித்து வைப்பது. அதே குறுந்தொகையில் 8ஆம் பாட்டில், ஆலங்குடி வங்கனார் பாடியது, வயலோர மாமரத்தில் பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரன் என்று வரும். பேசுகிறவள் பரத்தை, தலைவன் மனைவியை விட்டு நாடிப்போன பெண். மீன் பழத்தைத் தேடிப் போகவில்லை, பழம்தான் தானாக வந்து விழுந்தது. நாங்களா அவனை இழுத்தோம் என்று இதைவிடக் குத்தலாகச் சொல்ல முடியாது. அங்கே ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பது சரிதான், ஏனென்றால் அந்தக் காட்சி முழுவதும் 'ஊரன்' என்ற சொல்லுக்கு அடையாக வருகிறது. அவன் ஊரை வர்ணிப்பதுபோல அவனையே வர்ணிக்கிறாள். நாடன், ஊரன், சேர்ப்பன் என்று தலைவனை அவன் நிலத்தால் குறிக்கும் சொல்லில் முடிகிற வர்ணனை வந்தால் கொஞ்சம் நின்று தோண்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும். நம் குருகு அப்படி எந்த நாடனுக்கும் அடைமொழியாக வரவில்லை. நடந்த இடத்தில், நடந்த அன்று, நிஜமாகவே நின்றிருக்கிறது.

'வெள்ளைப் பறவை, தூய்மை' என்றவரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டில் வெள்ளை எங்கே இருக்கிறது? ஒரே ஒரு நிறம்தான் வருகிறது, அதுவும் பச்சை. அவர் கபிலரின் கொக்கைப் பார்க்கவில்லை, தன் மனதில் ஏற்கெனவே நின்ற ஒரு கொக்கைப் பார்த்திருக்கிறார். நம் எல்லோரிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, புறா என்றால் அமைதி, தாமரை என்றால் தூய்மை, இருட்டு என்றால் அறியாமை. பரீட்சைக்குப் படித்ததன் மிச்சம். பாரதியின் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்' என்று தொடங்கினாலே விடுதலை, விடுதலை என்று ஓடிவிடுகிறோம். இருக்கலாம், அறிவாகவும் இருக்கலாம், கவிதையாகவும் இருக்கலாம், அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த அவசரத்தில் 'குஞ்சு' என்ற சொல்லையும் 'பொந்து' என்ற சொல்லையும் தாண்டிப் போய்விடுகிறோம். அதை ஒரு பறவைக் குஞ்சுபோல எடுத்து, மரப்பொந்தில் பத்திரமாக வைக்கிறார் மனிதர். அடுத்த வரியில் காடு வெந்து தணிந்தே போய்விட்டது, தீ பரவியதைக் காட்டவே இல்லை. அந்த அக்கறைக்கும் இந்தச் சாம்பலுக்கும் நடுவில் ஒரே ஒரு மூச்சுதான் இடைவெளி. எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது, விடுதலை என்று எழுதி மூடிவிட்டால் அந்தப் பயம் கிடைக்காது.

கபிலர் இவ்வளவும் யோசித்தாரா என்ற கேள்வி. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. இருக்கிற ஆளைக் கேட்டாலும் பெரிய பயன் இல்லை என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். நான் எழுதிய ஒரு கவிதையில் ஆணியில் மாட்டிய குடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தது என்று காட்டுவதற்காக எழுதிய வரி, வேறு ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு வாசகி கேட்டார், இந்தக் கவிதையில் பேசுகிறவர் முதல் வரியிலிருந்து ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே, அப்படியென்றால் குடையை நனைத்தது யார்? திரும்பப் படித்துப் பார்த்தேன். ஆமாம், அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், எழுதிய எனக்கே தெரியாமல் உள்ளே வந்திருக்கிறார். அதே குடையை இன்னொருவர் வெண்கொற்றக்குடை, சரிந்துபோன அரசாட்சியின் குறியீடு என்று எழுதியிருந்தார். நானும் என் கவிதையில் ராஜாவைத் தேடித்தான் பார்த்தேன். இரண்டுமே நான் நினைக்காத பொருள்கள்தான். ஆனால் வாசகி சொன்னது கவிதையின் சொற்களில் கால் ஊன்றி நிற்கிறது, மற்றது அந்தரத்தில் நிற்கிறது. யார் என்ன சொன்னாலும் சரியா என்று கேட்டீர்களே, இந்த வித்தியாசத்தைத்தான் நான் பார்ப்பேன்.

கூச்சத்தைப் பற்றி. மற்றவர்களுக்குத் தெரிந்த ரகசியம் எதுவும் இல்லை. பழைய சொல் புரியாவிட்டால் அகராதியைப் பார்க்கலாம், அதில் வெட்கம் என்ன. மற்றபடி, உங்கள் கூட்டத்தில் பொருள் என்ன என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு முறை பாட்டை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், யார் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்று கவனியுங்கள், தடுக்கிய இடத்தில் பேச்சைத் தொடங்குங்கள். நான் தடுக்கியது காலில்.

உங்கள் கோபக்கார நண்பரிடம் ஒன்று கேட்டதாகச் சொல்லுங்கள். அவளைக் கூடியது முடிந்துபோன சங்கதி, அதனால் 'மணந்த' என்கிறாள். குருகுக்கு மட்டும் 'பார்த்த' என்று வரவில்லை, 'பார்க்கும்' என்று வருகிறது. அது அந்த ஆரலைப் பிடித்ததா இல்லையா?

அன்புடன்.