உப்புவெளியில் ஒரு மணிநேரம்

மதிப்புக்குரிய ஐயா,

நீங்கள் அவ்வப்போது சமையலைப் பற்றியும் எழுதுவதால் இதை உங்களிடம் கேட்கத் துணிகிறேன். கடந்த சில வாரங்களில் குடும்பமாக அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் மூன்று உணவகங்களுக்குப் போனோம். ஒன்றில் சீன உணவு என்றும், ஒன்றில் தாய்லாந்து உணவு என்றும், மற்றதில் எல்லா ஆசிய உணவும் என்றும் பலகை இருந்தது. மூன்றிலும் ஒரே சிவப்புக் குழம்பு, ஒரே சுவை. கடைசியாகப் போன இடத்தில் நாங்கள் பதினொரு பேர், ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டு ஒரு மணிநேரம் காத்திருந்தோம். எங்களுக்குப் பின் வந்த வெள்ளைக்காரருக்கு முதலில் பரிமாறினார்கள். உணவுப் பட்டியலில் தமிழே இல்லை. சைவமான என் மாமியின் மரக்கறிச் சோற்றில் றால் துண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலையிடி. அஜினமோட்டோவை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். இணையத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்து, ‘இதோ வருகிறது’ என்று மூன்று முறை பொய் சொன்ன பரிமாறும் பையனின் பெயரையும் எழுதிவிட்டேன். உண்மையான சீனச் சாப்பாடு திருகோணமலையில் எங்கே கிடைக்கும்? ஓகஸ்டில் கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது.

ச., உவர்மலை

அன்புள்ள ச.,

இந்தக் கடற்கரை உணவகங்களைப் பற்றி இணையத்தில் எழுதப்படும் குறிப்புகளை இரவில் வாசிக்கும் பழக்கம் எனக்குச் சில காலமாக உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை அல்ல, காத்திருந்ததைப் பற்றியவை. வாசிக்க வாசிக்க எனக்குள் ஒரு கோபம் சேர்ந்துகொண்டு வந்தது; அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இருந்த வேளையில் உங்கள் கடிதம் கிடைத்தது. ஆகவே, உங்களுக்குரிய பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக ஏச்சு விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் நியாயமுள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாவட்டத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாத பட்டியலை நீட்டுவதும், தோலின் நிறத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவருக்கு முதலில் வைப்பதும் வெட்கக்கேடு. முதலாளியைக் கூப்பிட்டு அங்கேயே கேட்டிருக்க வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வரும் வெளிநாட்டவரின் காசில்தான் கடை ஓடுகிறது என்று அவர் சொல்வார். வாடைக்காற்று வீசி அந்த விடுதிகளெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும் மார்கழியில் அவருடைய கதிரைகளில் வந்து உட்காருபவர்கள் நாங்கள்தான் என்று நீங்கள் திருப்பிச் சொல்லலாம்.

அஜினமோட்டோவை விட்டுவிடுங்கள். 1908இல் யப்பானியப் பேராசிரியர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்த சுவை அது. அந்தச் சுவையைத் தரும் குளுட்டமேற்றுத்தான் பழுத்த தக்காளியிலும் இருக்கிறது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றுக்கு ஒரு மருத்துவர், சீன உணவகங்களில் சாப்பிட்டால் தமக்குப் பிடரி மரத்துப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று கடிதம் எழுதினார். சமையலில் சேர்க்கும் மதுவாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம், இந்தத் தூளாகவும் இருக்கலாம் என்று அவர் ஊகித்தவற்றுள் உலகம் இந்தத் தூளை மட்டும் பிடித்துக்கொண்டது. எதில் அது கலந்திருக்கிறது என்று சாப்பிடுபவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாத விதத்தில் பின்னர் செய்த பரிசோதனைகளில், சாதாரணமாக உணவோடு சேரும் அளவில் அந்தக் குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை. உங்கள் சொந்தக் குசினியில் இருக்கும் சூப் கட்டியின் உறையை ஒருமுறை திருப்பி வாசியுங்கள். பதினொரு பேரின் இரைச்சலுக்கு நடுவே, பசியோடு, ஒரு மணிநேரம் வியர்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் தலையிடிக்கும்.

உண்மையான சீனச் சாப்பாடு என்ற தேடலையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹூபேயிலிருந்தும் ஷாண்டொங்கிலிருந்தும் வந்து, பல் கட்டுபவர்களாகவும் சைக்கிளில் துணிப் பொட்டணி கட்டி விற்பவர்களாகவும் இந்தத் தீவில் தங்கிவிட்ட சீனக் குடும்பங்களுள் சில கொழும்பில் உணவகங்களையும் திறந்தன. அவர்களிடம் வேலைக்கு நின்ற தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அந்தச் சமையலை நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். லீக்ஸும் கரட்டும் போட்ட சோறு, கறிமிளகாயோடு வெண்ணெயில் பிரட்டிய கணவாய், எங்கள் பேக்கரிகளில் மாலையில் சூடாக அடுக்கிவைக்கும் சைனீஸ் ரோல்ஸ் எல்லாமே இங்கே பிறந்தவை; சீனாவில் போய்க் கேட்டால் விழிப்பார்கள். நன்றாகச் செய்தால் அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. உங்கள் மேசையில் அவை நன்றாகச் செய்யப்படவில்லை என்பதுதான் விடயம். அதற்குக் காரணம் நீங்கள் திட்டித் தீர்த்த அந்த ஒரு மணிநேரம் அல்ல, அந்த ஒரு மணிநேரத்தையும் பொறுக்க முடியாத கூட்டம்.

சோறும் கறியும் விற்கும் கடைக்குப் போனால், கதிரையில் உட்காரும்போதே கோப்பை வந்துவிடுகிறது. பருப்பும் கத்தரிக்காயும் மீன்குழம்பும் காலையிலேயே இறக்கி வைக்கப்பட்டவை. மத்தியானத்தில் அவற்றின் சுவை கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. எங்கள் பசி அந்த வேகத்துக்குப் பழகியது. தாச்சியில் வறுக்கும் சமையல் நேர்மாறானது. வெட்டுவதும் ஊறவைப்பதும் சோற்றை அவித்துத் தட்டில் பரப்பி ஆறவிடுவதும் முன்கூட்டியே முடிந்திருக்கும். ஆனால் வறுப்பது, நீங்கள் சொன்ன பிறகுதான், ஒரு தடவைக்கு ஒரு சாப்பாடு. தாச்சி புகைய வேண்டும், எண்ணெய் சுற்றி ஓட வேண்டும், போட்டது இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அவசரத்துக்கு மூன்று பேரின் சோற்றை ஒன்றாகக் கொட்டினால் இரும்பின் சூடு விழுந்துவிடும். மரக்கறி தண்ணீர் விடும். சோறு வறுபடுவதற்குப் பதிலாக அவியத் தொடங்கும். கழுவித் துடைத்து மறுபடி சூடேற்றுவதையும் சேர்த்து ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள். பதினொரு பேர், பதினொரு வகை, ஒரு தாச்சி. ஐம்பத்தைந்து நிமிடம் வருகிறது, அதுவும் வேறு மேசைகளே இல்லாத கடையில். பௌர்ணமி விடுமுறைக்குக் கொழும்பு வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும் நாளில் என்ன நடக்கும் என்பதை நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

கொத்துரொட்டியும் சொன்ன பிறகுதான் போடப்படுகிறது. ஆனால் கொத்துக்கடை வாசலில் அரைமணிநேரம் நிற்கும் எவரும் வாய் திறப்பதில்லை; தகரத்தின் சத்தம் காதில் விழுகிறது, தமக்கு முன்னால் எத்தனை பேர் என்று கண்ணுக்குத் தெரிகிறது. உப்புவெளியில் குசினி சுவருக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணில் படாத வேலையை வேலையென்றே எண்ணாமல் இருப்பது எங்களிடம் ஊறிப்போன ஒன்று. வீட்டுக் குசினியிலும் அப்படித்தான், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, வீதித் தடைகள் தளர்ந்து, தெற்கிலிருந்து மக்கள் கடல் பார்க்க வரத் தொடங்கிய காலத்தில், பாடசாலை முடிந்த பிறகு மாலைகளில் உப்புவெளியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். காசாளரின் மேசை குசினி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. கோக்கி ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவர். சிறுவயதில் கொழும்பில் ஒரு சீனக் கடையில் உள்ளி உரிக்கச் சேர்ந்து, படிப்படியாக அடுப்புக்கு ஏறியவர். தாச்சி போதுமான அளவு சூடாகிவிட்டதா என்பதை அவர் பார்ப்பதில்லை. கையை நனைத்து ஒரு துளியை உதறி, அந்தச் சத்தத்தைக் கேட்பார். விரைவாக அனுப்பச் சொல்லி முதலாளி வாசலில் நின்று கத்தும்போதெல்லாம், திரும்பிப் பார்க்காமலேயே ஒரே பதிலைச் சொல்வார்: “ரெண்டு சோத்த ஒண்ணாப் போட்டா அவிஞ்சிரும் மொதலாளி, வறுபடாது.” கடை பூட்டியதும் தனக்கென்று அவர் வைத்துக்கொள்வது வெள்ளைச் சோறும் மீன் சொதியும்தான்.

கத்துவதற்கு முதலாளிக்கும் காரணம் இருந்தது. காத்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். சிலர் சாப்பிட்டுவிட்டும் பில்லைக் குறைக்கச் சொன்னார்கள். ஆகவே ஒரு நாள் அவர் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். மிளகாய்ப் பேஸ்ட், தக்காளிச் சோஸ், சீனி, சோளமா எல்லாவற்றையும் மத்தியானமே காய்ச்சி அதில் நிரப்பிவைக்க வேண்டும். இரவில் கோழியோ மீனோ றாலோ கணவாயோ, பொரித்து, அதில் ஓர் அகப்பை ஊற்றி அனுப்பிவிடலாம். நீங்கள் மூன்று கடைகளிலும் சாப்பிட்ட அந்தச் சிவப்புக் குழம்பின் பிறப்பு இப்படித்தான். கோக்கி எதிர்த்துப் பேசவில்லை. ஊரில் அவருக்கு நான்கு பிள்ளைகள். ஆனால் சில நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். பரிமாறும் பையனிடம் அவர், அந்த மேசைக்காரர் சத்தம் போடுகிறார்களா என்று கேட்பார். சத்தம் போட்டவர்களுக்கு வாளியிலிருந்து போகும். பேசிக்கொண்டு அமைதியாக இருந்தவர்களுக்கு அவர் சமைப்பார். ஒரே விலை, ஒரே பெயர், இரண்டு சாப்பாடு. சத்தம் போட்டவர்களே விரைவாக வந்ததென்று பாராட்டிவிட்டுப் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் பின்னர் கட்டாருக்குப் போனார். அந்தக் கடை 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனது. அவரைப் போன்றவர்கள் வளைகுடாவுக்கும் மாலைதீவு விடுதிகளுக்கும் போவது நின்றபாடில்லை. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரிலில் 4,860 ரூபாயானபோது, அதுவும் வரிசையில் நின்றும் கிடைக்காதபோது, எஞ்சியிருந்தவர்களிலும் பலர் கடவுச்சீட்டு எடுக்கப் போய்விட்டார்கள். இன்று பல குசினிகளில் அடுப்புக்கு முன் நிற்பவர் சில மாதங்களுக்கு முன்வரை மேசை துடைத்துக்கொண்டிருந்த இளைஞர். வாளி இல்லாமல் ஒரு சனிக்கிழமை இரவைக் கடக்க அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் ஒற்றை நட்சத்திரத்தால் அளந்து முடித்துவிட்டீர்கள். தாமதம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் ஒரே சுவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவதை வாசிக்கும் முதலாளி இன்னொரு வாளி வாங்குவார். அடுத்த முறை இரண்டாவதை நீங்கள் இன்னும் பலமாக எழுத வேண்டியிருக்கும்.

பரிமாறும் பையனின் பெயரைப் போட்டது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை, பிள்ளை. அவன் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். குசினிக்குள் போய்க் கேட்டால் அங்கே ஏச்சு, வெளியே வந்தால் உங்களிடம் ஏச்சு; அந்த வாசலில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு ‘இதோ வருகிறது’ என்பதைத் தவிர வேறென்ன சொல்லத் தெரியும்? கடையின் பெயர் போதும். கடையின் இலாபத்தில் அவனுக்குப் பங்கில்லாதபோது பழியில் மட்டும் ஏன் பங்கு? இதை வாசித்து முடித்ததும் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்ட நல்ல கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நான் சொன்னால் அடுத்த வாரம் அங்கே கூட்டம் சேர்ந்து அதுவும் கெட்டுவிடும். அண்ணா குடும்பத்தோடு வார நாளொன்றில் போங்கள். காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். ஆளுக்கொன்று வேண்டாம், நாலைந்து வகையைப் பெரிய கோப்பைகளில் கேட்டுப் பகிர்ந்து சாப்பிடுங்கள். பட்டியலை மூடிவிட்டு, இன்று என்ன மீன் வந்தது, கணவாய் இருக்கிறதா, கோக்கிக்கு எது நன்றாக வரும் என்று கேளுங்கள். வந்ததை வாயில் வைக்குமுன் மிளகாய்ப் பேஸ்ட்டைப் பரப்பாதீர்கள். உங்கள் வீட்டார் அப்படிச் செய்பவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாமியின் விடயம் மட்டும் வேறு. அதில் நான் முழுக்க உங்களோடு நிற்கிறேன். சைவம் என்று சொல்லித் தந்த சோற்றில் றால் கிடந்ததற்கு அவசரமோ ஆள் பற்றாக்குறையோ நியாயமாகாது. றால் வறுத்த தாச்சியைக் கழுவாமல் அடுத்த சோற்றைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பை எழுதுவதானால் இந்த ஒன்றை மட்டும் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நானும் கீழே கையெழுத்திட்டிருப்பேன். இனிமேல் தொலைபேசியிலேயே தனித் தாச்சி, தனி எண்ணெய், முட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். மரக்கறி என்று எழுதியிருக்கும் வகைகளிலும் ஒயிஸ்டர் சோஸ் சேர்ப்பது வழக்கம். அது சிப்பியிலிருந்து எடுப்பது, அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய சாப்பாட்டையே முதலில் செய்து தரும்படி கேளுங்கள். அப்போது தாச்சி எப்படியும் சுத்தமாக இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு அவரை மறுபடி அங்கே வரச் சம்மதிக்கவைப்பது உங்கள் பாடு. அதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை.