எட்டடி சைக்கிளை ஆறடி வண்டியின் முதுகில் ஏற்றுவது எப்படி?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். எனக்கு 58 வயது. மனைவிக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. இருவரும் சேர்ந்து மிதிக்கும் டாண்டம் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறோம். நீளம் 2.40 மீட்டர், எடை 22 கிலோ. பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றியிருக்கிறோம், அதன் அகலம் 1.90 மீட்டர். கம்பம் பக்கம் சைக்கிளோடு போய்வர ஆசை. பின்னால் இருக்கும் ஏணியில் கட்டிவிடுங்கள், நீட்டும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: ஏணியில் கட்ட வேண்டாம். சிவப்புத் துணியை நம்பவும் வேண்டாம். ஆனால் சைக்கிளைக் கொண்டுபோக வழி இருக்கிறது, பெரிய செலவும் ஆகாது.

முதலில் அந்தச் சிவப்புத் துணி. சைக்கிளை அப்படியே குறுக்காக வைத்தால் இரண்டு பக்கமும் 25 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். கீழவாசல் பக்கம் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது, உங்கள் முன்சக்கரம் வலப்பக்கம் போனால் வண்டியின் வால் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளும். பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு நீளம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் தள்ளலும் கூடும். அந்த 25 சென்டிமீட்டர் சக்கரம் இருக்கும் உயரம் பக்கத்தில் பைக்கில் வருபவரின் தோள் உயரம். உங்கள் கண்ணாடியில் அவர் தெரியவே மாட்டார். சட்டமும் இதை விடாது. பாடியின் பக்கவாட்டைத் தாண்டிச் சுமை நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194 (1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், இறக்கி வைக்கும் செலவு தனி. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு அது. துணி கட்டினால் நீட்டுவது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். அது அனுமதி ஆகிவிடாது.

அடுத்து ஏணி. 70 கிலோ ஆள் ஏறும் ஏணி 22 கிலோ சைக்கிளைத் தாங்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆள் ஏறுவது வண்டி நிற்கும்போது, ஒரு நிமிடத்துக்கு. எடையும் ஏணியோடு ஒட்டிக் கீழ்நோக்கி இறங்குகிறது. சைக்கிள் ஏணியிலிருந்து ஓரடி தள்ளித் தொங்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏணியின் மேல்முனையைப் பிடுங்கி இழுக்கும். அந்த முனை பிடித்திருப்பது வெறும் தகட்டில். எனக்குத் தெரிந்த ஒருவர் சாதாரண சைக்கிள் இரண்டை ஏணியில் மாட்டிக்கொண்டு திண்டுக்கல் கிளம்பினார். வாடிப்பட்டி தாண்டியதும் மேல் ஸ்க்ரூ நான்கும் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டன. நல்லவேளை, கீழ் முனை விடவில்லை. பின்னால் ஒரு குடும்பம் பைக்கில் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து, இந்த மாதிரிச் சுமைக்கு நான் குறைந்தது மூன்று மடங்கு எடையைக் கணக்கில் வைக்கிறேன்.

மேற்கூரையில் வைக்க நீளம் தாராளமாக இருக்கும். ஆனால் 22 கிலோவை இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நீங்கள் ஒருவரே தூக்க வேண்டும். சாலையோரப் புளியமரக் கிளைகளும் ரயில்வே பாலத்து அடியில் உள்ள உயரத் தடுப்புகளும் வேறு இருக்கின்றன. உங்களுக்கு அது வேண்டாம்.

சரி, வழி என்ன? சைக்கிளின் முழு நீளத்தை மறந்துவிட்டு இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். சக்கரத்தின் விட்டம் டயரோடு 68 சென்டிமீட்டர் என்றால், 2.40 மீட்டரில் அதைக் கழித்தால் 1.72 மீட்டர். இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் மிஞ்சுவது ஏறக்குறைய இவ்வளவுதான். உங்கள் வண்டியின் அகலத்துக்குள் இரு பக்கமும் 9 சென்டிமீட்டர் இடம் விட்டு அடங்கிவிடும். முன்சக்கரத்தை மட்டும் கழற்றினால் 2.06 மீட்டர், அப்போதும் நீட்டும். சாய்த்துக் கட்டலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு முனை மேலே போய்ப் பின்கண்ணாடியை மறைக்கும், மேலே பிடித்துக்கட்ட உறுதியான இடமும் கிடைக்காது. இரண்டையும் கழற்றுவதுதான் என் முடிவு. சக்கரங்கள் கேரவனுக்குள் கட்டிலுக்கு அடியில் போகட்டும்.

இனி ஸ்டாண்டு. பம்பரிலோ கதவிலோ மாட்டுவது போல வேண்டாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலிருந்து இரும்புக் கைகள் பின்னால் வந்து, அவற்றின் மேல் ஒரு குறுக்குச் சேனல் உட்கார வேண்டும். சேஸிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூடு பட்ட இடம்தான் பிறகு விரிசல் விடும். 8.8 கிரேடு போல்ட்டும், அதிர்வில் தளராத நைலாக் நட்டும் போதும். பஸ், லாரி பாடி வேலை தெரிந்த பட்டறைக்காரர் இதை எளிதாகச் செய்துவிடுவார். குறுக்குச் சேனலின் ஒரு முனையில், முன்சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க் உட்கார ஒரு அச்சு, மறுமுனையில் பின்சக்கரம் இருந்த இடத்துக்கு ஒரு அச்சு. இங்கே கவனம் வேண்டும். சாதாரண சைக்கிளில் பின் ஃபோர்க்கின் உள் அகலம் 135 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், டாண்டம் பலவற்றில் 145. பட்டறையில் கைக்குக் கிடைத்த பழைய அச்சைப் போட்டால் 10 மில்லிமீட்டர் ஆடும், அல்லது நட்டை முறுக்கி முறுக்கி ஃபிரேமை நெரித்துவிடுவார்கள். சைக்கிளையே பட்டறைக்குக் கொண்டுபோய் அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டாண்டு 18, சைக்கிள் 22, மொத்தம் 40 கிலோ என்று வைப்போம். வண்டியின் பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் அது நின்றால், 3.35 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள வண்டியில் பின் அச்சில் 58 கிலோ ஏறும், முன் அச்சில் 18 கிலோ குறையும். தனியாகப் பார்த்தால் பெரிய எடை இல்லை. ஆனால் தண்ணீர் டாங்கும் பேட்டரியும் பின்பக்கமே இருந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும். கிளம்பும் முன் முழுச் சாமானோடு ஒரு எடைமேடையில் ஏற்றி, முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாக எடை பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கேரவனுக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கும். தீ என்றால் பின்கதவு உயிர் காக்கும் வழி. அதுவும் உங்கள் மனைவி தொட்டுத் தொட்டு வெளியே வர வேண்டியவர். ஸ்டாண்டு அந்தக் கதவை அடைக்கக் கூடாது. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் உருவி எடுக்கும் இரும்புப் பின் (pin) வைத்து, கதவு போலவே திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். உள்ளிருந்து கையை விட்டு அந்தப் பின்னை உருவ முடிய வேண்டும். இது முடியாது என்று பட்டறையில் சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் மறையக் கூடாது. சைலன்சர் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் ஃபோர்க்கை வைக்காதீர்கள். சூட்டுக் காற்று நேரே பட்டால் பெயின்ட்டும் ரப்பரும் போய்விடும்.

ஏற்றும்போது: முன் சீட் தண்டில்தான் பின்னவரின் ஹேண்டில்பார் பிடித்திருக்கும். தண்டு நிற்கும் உயரத்தில் ஒரு டேப் சுற்றிக் குறி வைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே உருவி உள்ளே வையுங்கள். முன் ஹேண்டிலைத் தளர்த்தி ஃபிரேமுக்கு இணையாகத் திருப்புங்கள். வண்டிப் பக்கம் இருக்கும் பெடல்கள் இடித்தால் கழற்றலாம், ஆனால் இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது லீவரைப் பிடித்தவுடன் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், திரும்பச் சக்கரம் நுழையாது.

கட்டுவதற்கு, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு. பெல்ட்டும் இரும்பும் ஃபிரேமில் படும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அதற்கு முன் ஃபிரேமை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டியூபுக்கு அடியில் சிக்கிய மணல், போய்ச் சேர்வதற்குள் பெயின்ட்டை அரம் போல உரசிவிடும். செயினுக்கும் பெடல் அச்சுக்கும் மட்டும் பிளாஸ்டிக் பை. முழுசாகத் தார்ப்பாய் போர்த்தினால் அது காற்றில் பாய்மரம் மாதிரி உப்பி ஸ்டாண்டையே இழுக்கும்.

பெல்ட் சரிபார்க்கும் வேலையை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். பெல்ட்டில் ஒரு விரல் நுழைகிறதா, நட்டு ஆடுகிறதா என்பதெல்லாம் தொட்டுப் பார்த்துத்தான் தெரியும், அந்தத் தொடுகை அவருக்கு உங்களைவிட நன்றாகப் பழகியிருக்கும். முதல் நிறுத்தம் செக்கானூரணியில், டீ குடிக்கும்போது. டியூப் அமுங்கிப் பெல்ட் தளர்வது முதல் இருபது கிலோமீட்டரில்தான். பிறகு உசிலம்பட்டியிலும், ஆண்டிபட்டி கணவாய் இறங்கியபிறகும் ஒருமுறை.

போய்ச் சேர்ந்து சக்கரங்களை மாட்டியதும், உங்கள் மனைவி ஏறும் முன் நீங்கள் மட்டும் ஐம்பது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கிறதா, பின்சக்கரம் நடுவில் ஓடுகிறதா, இடப்பக்கம் இரண்டு பெடல்களையும் இணைக்கும் செயின் பல்லில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுங்கள்.