நாய்க்குட்டிக்குத் தீனிப் பை

கேள்வி: ஐந்து மாதச் சிப்பிப்பாறைக் குட்டியைத் தெப்பக்குளம் பக்கம் கூட்டிப்போய்ப் பழக்குகிறேன். தீனியைக் கவரில் முடிந்து பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் எடுக்கத் தாமதமாகிறது, பந்தும் விழுந்துவிடுகிறது. எந்தப் பை வாங்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: முதலில் பையின் வாயைப் பாருங்கள். 'உட்கார்' என்றதும் குட்டி உட்கார்ந்தால், ஒன்றிரண்டு விநாடிக்குள் தீனி அதன் வாய்க்குப் போக வேண்டும். நீங்கள் முடிச்சை அவிழ்ப்பதற்குள் அது எழுந்துவிட்டால், எழுந்ததற்குத்தான் தீனி கிடைத்தது என்று மனதில் பதிந்துவிடும். அதனால் நாலு விரலும் தாராளமாகப் போய்வருகிற அகல வாய் வேண்டும். ஜிப் வேண்டாம், காந்தம் வைத்து மூடுவது நல்லது. வெல்க்ரோ பிரியும் 'சர்ர்' சத்தத்தில் சில குட்டிகள் மிரளும்.

உள்பக்கம் ரெக்சின் மாதிரி கழுவக்கூடியதாக இருக்கட்டும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் வேகவைத்த கோழிக்கறி சீக்கிரம் ஊசிப்போகும். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்துப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வையுங்கள், மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிட்டுப் பையைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

பையை இடுப்பில் கொஞ்சம் பின்பக்கமாகக் கட்டுங்கள். முன்னால் தொங்கினால் குட்டி உங்கள் முகத்தை விட்டுப் பையையே பார்க்கும்.

சரி, பந்து? அதற்குத் தனி அறை வேண்டும், கறி வாசனை ஏறினால் விளையாடாமல் கடித்துக் குதறத்தான் பார்க்கும். வாய்க்குள் முழுதாக நுழைகிற சின்னப் பந்து கூடவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடையில் இப்படிப் பை கிடைக்காவிட்டால் தெரிந்த தையல்காரரிடம் அளவு சொல்லித் தைத்துக்கொள்ளுங்கள்.