குழந்தைகள் நூல் விருதுக்குக் குழந்தைகளே நடுவர்களாக இருக்கலாமா?

உங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில் சிறார் நூலுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது வழங்க எண்ணியிருப்பதாகவும், நடுவர் குழுவில் குழந்தைகளைச் சேர்த்தால் அது வெறும் பெயரளவு ஏற்பாடாக முடிந்துவிடுமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கலாம் என்பதைவிடச் சேர்த்தே ஆகவேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் அவர்களிடம் எந்த முடிவை ஒப்படைக்கிறோம், எந்தக் கட்டத்தில் ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது உண்மையான நடுவர் பணியாக அமையும். பள்ளியில் நூலக வகுப்பை நடத்திவரும் ஆசிரியை நான். பிற நாடுகளில் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் விருதுகளைப் பற்றி நெடுங்காலமாகத் தேடிப் படித்தும் வருகிறேன். அந்த இரண்டிலிருந்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நூலை எடைபோடக் குழந்தைக்குத் தெரியுமா என்ற ஐயத்துக்கு 1936-ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், குழந்தை நூல்களுக்குக் குழந்தைகளே சிறந்த நடுவர்கள் என்று நம்பியவர். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’ என்ற சிறார் நாவலின் தட்டச்சுப் படி தம்மிடம் வந்தபோது, அதைப் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்துப் படித்து அறிக்கை எழுதச் சொன்னார். அறிக்கைக்கு ஒரு ஷில்லிங் கூலி. சிறுவன் கதையைச் சில வரிகளில் சுருக்கிவிட்டு, வரைபடங்கள் இருப்பதால் இதற்குப் படங்கள் தேவையில்லை என்றும், ஐந்து முதல் ஒன்பது வயதுவரையிலான பிள்ளைகளுக்கு இது பிடிக்கும் என்றும் எழுதிக்கொடுத்தான். அடுத்த ஆண்டே நூல் வெளிவந்தது. இந்த நிகழ்ச்சியைப் பலரும் ஒரு சுவையான செய்தியாக மட்டுமே சொல்லிச் செல்கிறார்கள். அந்தச் சிறுவன் தன் விருப்பத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. நூலுக்கு எது வேண்டும், அது எந்த வயதினருக்குப் பொருந்தும் என்றும் எண்ணிப் பார்த்திருக்கிறான். நடுவர் செய்ய வேண்டிய வேலை அதுவே.

விருது என்று வரும்போது எழும் முதல் எதிர்ப்பு, பிள்ளைகள் சிரிப்பூட்டும் கதையையும் ஏற்கெனவே பெயர்பெற்ற எழுத்தாளரையும்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1952-இல் தொடங்கப்பட்ட வில்லியம் ஆலன் ஒயிட் விருதின் வரலாறு இதற்கு மாறாகத் தொடங்குகிறது. பெரியவர்கள் ஒரு பட்டியலைத் தயாரிக்க, மாநிலத்தின் பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்து வெற்றி நூலைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. 1953-இல் அவர்கள் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது எலிசபெத் யேட்ஸ் எழுதிய ‘அமோஸ் ஃபார்ச்சூன், ஃப்ரீ மேன்’ என்ற நூலை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட ஒரு மனிதர், பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தால் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய வாழ்க்கை அதில் சொல்லப்படுகிறது. அதே நூலுக்கு அமெரிக்க நூலகர்கள் சிறார் நூலுக்கான நியூபெரி பதக்கத்தை 1951-இல் வழங்கியிருந்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் தனித்தனியே ஒரே நூலில் வந்து நின்றதற்கு இது நல்ல சான்று.

வந்து நிற்காத ஆண்டுகளும் உண்டு. அவைதான் எனக்குக் கூடுதல் பாடம் கற்பித்தவை. பிரிட்டனில் சிறார் நூல்களுக்கு நூலகர்கள் வழங்கும் கார்னகி பதக்கம் 1936-இல் ஏற்படுத்தப்பட்டது. அதே நாட்டில் குழந்தை நூல் குழுக்களின் கூட்டமைப்பு 1980-இல் தொடங்கிய விருதில் தேர்வு முழுவதும் பிள்ளைகள் கையில் இருக்கிறது. ரோல்டு டாலின் ‘தி பி.எஃப்.ஜி.’ 1982-இலும் ‘மடில்டா’ 1988-இலும் பிள்ளைகளின் விருதைப் பெற்றன; கார்னகி பதக்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1997-இல் கார்னகி பதக்கம் டிம் பௌலரின் ‘ரிவர் பாய்’ நாவலுக்குப் போயிற்று. அதே ஆண்டில், பெரியவர்கள் சுருக்கிய பட்டியலிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் முதலிடம் தந்துவந்த ஸ்மார்ட்டீஸ் பரிசின் தங்க விருது, அப்போது பெரிதாக அறியப்படாதிருந்த ஜே.கே. ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நூலுக்குக் கிடைத்தது. ஆக, பெயர்பெற்றவரைத்தான் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பார்கள் என்ற வாதம் இங்கேயும் நிற்கவில்லை.

இதைக் கொண்டு நூலகர்கள் தோற்றார்கள், பிள்ளைகள் வென்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ‘ரிவர் பாய்’ இறக்கும் தறுவாயில் உள்ள ஒரு தாத்தாவையும் அவருடைய பேத்தியையும் பற்றிய அமைதியான நாவல். அப்படிப்பட்ட நூல் நாடு தழுவிய வாக்கெடுப்பில் முதலிடம் பெறுவது மிகவும் கடினம். நூறு பிள்ளைகளில் பத்துப் பேரை உலுக்கிய நூல், எண்பது பேருக்கு ஓரளவு பிடித்த நூலிடம் எண்ணிக்கையில் தோற்றுவிடும். இந்தக் குறை வாக்கெடுப்பு என்னும் முறைக்கு உரியது. பிள்ளைகளின் ரசனைக்கு உரியதன்று. பெரியவர்களை ஆயிரக்கணக்கில் வாக்களிக்கச் சொன்னாலும் இதுவேதான் நடக்கும். உங்கள் குழு முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று கருதுகிறேன்: உங்களுக்கு வேண்டியவர்கள் குழந்தை வாக்காளர்களா, குழந்தை நடுவர்களா?

வாக்காளர் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாண நூலகச் சங்கம் 1994-இல் தொடங்கிய சில்வர் பர்ச் விருது. பட்டியலில் பத்து நூல்கள் இருக்கும். அவற்றில் ஐந்தையாவது படித்த பிள்ளைக்கு மட்டுமே வாக்குரிமை. இந்த ஒரு நிபந்தனை கேள்விப்பட்ட பெயருக்கு வாக்களிக்கும் பழக்கத்தைப் பெருமளவு தடுக்கிறது. பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளே மேடையேறி எழுத்தாளர்களை அறிமுகம் செய்கிறார்கள். பிரான்சில் பிரான்சுவாஸ் ஸெனாக்கிஸ் 1988-இல் தொடங்கிய ‘அழியா நேர்மையாளர்’ பரிசில் பங்கேற்கும் பிள்ளைகள் பட்டியல் நூல்களைப் படிப்பதாகவும், தமக்கென்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்வதாகவும், அதன் பிறகே வாக்களிப்பதாகவும் வாக்குறுதி தருகிறார்கள். நடுவில் உள்ள அந்த வாக்குறுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியரும் தோழியும் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் சொந்தக் கருத்தோடு வருவதைக் கடமையாக்கி, ஒரு குழந்தையை எவ்வளவு மதிப்போடு நடத்துகிறார்கள்!

நடுவர் முறைக்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். அங்கே அரசு 1956 முதல் இளையோர் இலக்கிய விருது வழங்கிவருகிறது. படநூல், குழந்தை நூல், இளையோர் நூல், அறிவு நூல் ஆகிய பிரிவுகளுக்குப் பெரியவர்கள் அடங்கிய திறனாய்வாளர் குழு நடுவராக இருக்கிறது. 2003 முதல் அதற்கு இணையாக இளையோர் நடுவர் குழுவும் இயங்குகிறது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த ஆறு வாசிப்புக் குழுக்கள் புதிய நூல்களைத் தாமே படித்து, விவாதித்து, ஆறு நூல்களைப் பரிந்துரைத்து, அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. பிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் இரு குழுக்களின் விருதுகளும் ஒரே மேடையில் வழங்கப்படுகின்றன. பெரியவர்களின் விருதுக்கு அடியில் ஓர் ஆறுதல் பரிசாக இளையோர் குழுவின் விருது வைக்கப்படவில்லை. அதைவிட முக்கியமானது, பட்டியலே அவர்களுடையது என்பது. ஐந்நூறு நூல்களைப் பெரியவர்கள் ஐந்தாகக் குறைத்த பிறகு, அந்த ஐந்தில் ஒன்றைப் பிள்ளைகள் சுட்டிக்காட்டினால், தேர்வின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் யார்? பெயரளவு என்று நீங்கள் அஞ்சுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நுழைகிறது. பிரிட்டிஷ் கூட்டமைப்பின் விருதிலும் பதிப்பகங்கள் அனுப்பும் புதிய நூல்களைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளின் படிப்புக் குழுக்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கூடிப் பேசுவதால் என்ன மாறுகிறது என்பதை என் வகுப்பிலேயே பார்த்துவருகிறேன். நூலக வகுப்பில் பிள்ளைகளிடம் கையுயர்த்தி வாக்களிக்கச் சொன்னால், கை உயர்வதற்கு முன் கண்கள் வகுப்புத் தலைவன் பக்கமும் என் பக்கமும் போய்வரும். அதே பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து ஆளுக்கொரு காரணம் சொல்லும்போது, முதலில் யாருமே கவனிக்காத ஒரு நூல் மெல்ல மேலேறி வரும். அதிகம் பேசாத ஒரு மாணவி, தாயில்லாத ஒரு சிறுமியைப் பற்றிய கதையில், “இந்தப் பொண்ணு அழுததுன்னு எங்கேயுமே எழுதல மிஸ், ஆனா படிச்சா நமக்குத் தெரியுது” என்று சொன்ன பிறகு, அந்த நூலைப் பாதியில் மூடிவைத்திருந்த இரண்டு பேர் அதைத் திரும்ப எடுத்துப் போனார்கள். வாக்குச்சீட்டில் அந்த மாணவியின் குரல் ஒற்றை வாக்காக மட்டுமே பதிவாகியிருக்கும்.

பெரியவர்கள் தவறவிடுவதையும் பிள்ளைகள் பிடித்துவிடுகிறார்கள். கதையில் மஞ்சள் பாவாடை என்று எழுதியிருக்க, படத்தில் அது பச்சையாக இருந்தால் முதல் நொடியிலேயே சொல்லிவிடுவார்கள். தாத்தாவோ ஆசிரியரோ கடைசிப் பக்கத்தில் வந்து அறிவுரை சொல்லும் கதைகளை அவர்கள் எவ்வளவு துல்லியமாக அடையாளம் காண்கிறார்கள் என்பதை நம் எழுத்தாளர்கள் நேரில் கேட்க வேண்டும். மறுபக்கம், மொழியின் புதுமை, ஓவியரின் நுட்பம், இதற்கு முன் யாரும் எழுதாத ஒரு வாழ்க்கையை ஒரு நூல் எழுதியிருக்கிறது என்பது போன்றவற்றைக் காண நிறையப் படித்த கண் வேண்டும். ஒன்பது வயதில் அது அமையாது. ஆகவே பெரியவர்களின் விருதை எடுத்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை.

தமிழில் இதற்கான தேவை மிகவும் பெரியது. சாகித்திய அகாதமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் விருதை 50,000 ரூபாய் பரிசுத் தொகையோடு வழங்கிவருகிறது. 2023-இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யும் 2024-இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலும் தமிழுக்காக அதைப் பெற்றன. தேர்வு செய்வோர் பெரியவர்கள். நூலை எழுதுபவரும், வெளியிடுபவரும், வாங்குபவரும், விமர்சிப்பவரும், பரிசளிப்பவரும் பெரியவர்களாகவே இருக்கும் ஓர் இலக்கியத்தில், யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் பேச ஓர் இடமாவது இருக்க வேண்டாமா? குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. படிக்கும் நூலைவிடக் குழந்தைக்கு நெருக்கமான விஷயங்கள் அதிகம் இல்லை.

நடைமுறையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நூல் படிகளின் பற்றாக்குறைதான். ஒரு நூலுக்கு ஒரே ஒரு படியை வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகளை நடுவராக்க முடியாது. எந்த நூல் கையில் கிடைத்ததோ அதுவே வெல்லும். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்ததை நான் அதனால்தான் பெரிதாக நினைக்கிறேன். ஒரே நூல் பல ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் ஒரு மாநில விருதுக்கான அடித்தளம் பாதி போடப்பட்டாயிற்று என்றே பொருள்.

உங்கள் வட்டத்துக்கு என் பரிந்துரை இது. முதல் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு குழு போதும். ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை இருக்கட்டும். நன்றாகப் படிக்கும் மாணவர்களை மட்டும் அனுப்பும்படி பள்ளிகளைக் கேட்காதீர்கள். திக்கித் திணறிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நூல் எங்கே தடுக்கியது என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும். நூல்களைச் சுருக்குவதையும் அவர்களிடமே விடுங்கள். வயதுக்குச் சற்றும் பொருந்தாதவற்றை விலக்குவதோடு பெரியவர்களின் வேலை முடியட்டும். ஒவ்வொரு நூலுக்கும் மூன்று படிகளாவது வாங்குங்கள். நூலைப் பாதியில் நிறுத்தும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும், ஆனால் எந்தப் பக்கத்தில், ஏன் நிறுத்தினார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் உடனிருக்கலாம். அவர் கேள்வி கேட்கலாம், தமக்குப் பிடித்த நூலைச் சொல்லக் கூடாது. பேசி முடித்தபின் இறுதி வாக்கு மூடிய சீட்டில் இருக்கட்டும். முடிவு வெளியாகும்வரை நடுவர்களின் பெயரை யாருக்கும் தெரிவிக்காதீர்கள். நம் இலக்கிய வட்டம் சிறியது, பிள்ளையின் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தொலைபேசி அழைப்பு வருவதற்கு இடம் தரக் கூடாது.

பரிசுத் தொகை எவ்வளவாக இருந்தாலும், பிள்ளைகள் எழுதிய காரணங்களையும் வரைந்த படங்களையும் தொகுத்து எழுத்தாளரிடம் கொடுங்கள். பிரிட்டனில் அப்படித்தான் செய்கிறார்கள். பள்ளி திறந்து பாடம் சூடுபிடிக்கும் முன், ஜூன் இறுதியில் நூல்களைக் கொடுத்துவிட்டால், காலாண்டு விடுமுறையில் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாம், நவம்பர் 14 அன்று முடிவை அறிவிக்கலாம். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.