வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: எந்த இன்சுலின்?

கேள்வி: என் மகளுக்கு வயது 19. பத்து ஆண்டுகளாக டைப் 1 சர்க்கரை நோய். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். பின்னிரவில் அடிக்கடி வேர்த்து விழித்துக்கொள்கிறாள். சென்ற மாதம் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டில் பந்தி போட மூன்று மணியாகிவிட, கை நடுங்கிப் பேச்சுக் குழறியது. பேனா இன்சுலினுக்கு மாறச் சொல்கிறார்கள். விலை அதிகம் என்பதோடு, ஊசி கூடினால் வரன் அமையாது என்று அவளுடைய அப்பத்தாவும் தடுக்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளும் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவதன் அடையாளங்கள். காரணம் மருந்தின் இயல்புதான், பெண்ணைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 30/70 கலவையில் 30 பங்கு, அரை மணியில் தொடங்கி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சம் தொடும் ரெகுலர் இன்சுலின். மீதி 70 பங்கு, போட்ட நான்கு முதல் பத்து மணி நேரத்துக்குள் உச்சம் தொடும் என்.பி.எச். இன்சுலின். காலை எட்டு மணிக்குப் போட்ட ஊசி நண்பகலில் சோற்றை எதிர்பார்க்கும். படையல் முடியும் வரை யாரும் கை நனைப்பதில்லை என்பது அதற்குத் தெரியாது. இரவு ஊசியோ, எல்லோரும் உறங்கிய பிறகு, வயிறு காலியாக இருக்கும் வேளையில் உச்சத்தை அடைகிறது. அதற்கு அஞ்சி அளவைக் குறைத்தால் கலவையில் இரண்டு பங்கும் சேர்ந்தே குறைந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறிவிடும்.

பேனா என்பது வெறும் கருவி; கலவை இன்சுலினும் பேனாவில் கிடைக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்டது, நாள் முழுவதும் சீராக வேலை செய்யும் கிளார்ஜின் அல்லது டெக்லுடெக்கை ஒரு வேளையும், லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற விரைவு இன்சுலினை ஒவ்வொரு சாப்பாட்டுக்குச் சற்று முன்பும் போடும் முறையாக இருக்க வேண்டும். அதில் பந்தி மூன்று மணிக்கென்றால் ஊசியும் மூன்று மணிக்குத்தான். இரண்டு ஊசி நான்காகும். ஆனாலும் நான் பார்த்தவரை, இளைய வயதினரைச் சலிப்படையச் செய்வது ஊசியின் எண்ணிக்கையைவிட, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டுச் சாப்பிட வேண்டிய நிலையே.

இதற்கும் உழைப்பு வேண்டும். இலையில் எவ்வளவு சோறு விழுகிறது என்று மதிப்பிட்டு யூனிட்டைக் கணக்கிடவும், நாளுக்கு நான்கு முறையாவது குளுக்கோமீட்டரில் பார்க்கவும் அவள் பழக வேண்டும். கவுனி அரிசியில் சேர்த்த சீனி விரைவாக ஏறும். எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரம் மெதுவாக ஏற்றும் என்பதால், ஊசியின் வேகம் அடங்கிய பிறகும் சர்க்கரை கூடலாம். ஒன்றையும் மறைப்பதற்கில்லை: டைப் 1 நோயாளிகளிடம் நடத்தி 1993இல் வெளியான டி.சி.சி.டி. என்ற பெரிய ஆய்வில், இதைப் போலச் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தும் தீவிர இன்சுலின் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன. கடுமையான தாழ்சர்க்கரையோ ஏறக்குறைய மூன்று மடங்கானது. அப்போது இன்றைய நீண்டநேர இன்சுலின்கள் புழக்கத்துக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவு தாங்காதென்றால் இடைவழி ஒன்று உண்டு. இரவுக் கலவையைப் பிரித்து, ரெகுலரைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், என்.பி.எச்.சைப் படுக்கப் போகும்போதும் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உச்சம் விடியலை நோக்கித் தள்ளிப்போகும். பழைய வகை இன்சுலின்கள் என்பதால் செலவும் அதிகமில்லை. பகல் பிரச்சினை இதனால் தீராது. அதற்குக் காலை ஊசியையும் மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால், படையலுக்கு முன்னானாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அப்பத்தாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு ஊசி போடும் பெண்ணை ஏற்கிற வரன், நான்கு என்றதும் திரும்பிப் போவான் என்று நான் நம்பவில்லை.

பேனாவுக்கு மாறும்போது சிரிஞ்சில் கவனம் தேவை. இங்கே குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. பேனாக் குழல்கள் 100 யூனிட். பேனா பழுதான அவசரத்தில் அந்தக் குழலிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் உறிஞ்சினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். ஆகவே ஆரஞ்சு மூடியிட்ட 100 யூனிட் சிரிஞ்சு சிலவற்றையும், மாற்றுப் பேனா ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள். பழைய சிரிஞ்சுகளை அப்புறப்படுத்திவிடுங்கள்.