உயர்நிலைப் பள்ளியில் எத்தனை மன்றங்களில் சேரலாம்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் 16 மன்றங்கள் இருக்கின்றன. நண்பர்கள் ஆளுக்கு நான்கைந்தில் பெயர் கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்கிறார்கள். வீட்டிலோ படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். நான் என்ன செய்வது?

ஒன்றில் சேருங்கள். மனம் கேட்காவிட்டால் இரண்டு. மூன்றாவது வேண்டாம்.

பள்ளி வானியல் மன்றம் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். ஆண்டின் முதல் கூட்டத்துக்கு 60 பேர் வருவார்கள். மூன்றாம் மாதத்தில் 15 பேர் மிஞ்சுவார்கள். விட்டுப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பல மன்றங்களுக்கு ஓடி ஓடி, எங்கும் தமக்கென்று ஒரு வேலை இல்லாமல் சலித்துப் போன பிள்ளைகள்தான் அவர்களில் அதிகம். நிலைத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் ஏதோ ஒரு வேலை இருந்தது. தொலைநோக்கிக்கு உறை போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது, கூட்டத்துக்கு அறை கேட்டு வாங்குவது, மேகத்தைப் பார்த்துவிட்டு இன்று இரவு கூட்டம் உண்டா இல்லையா என்று மற்றவர்களுக்குச் சொல்வது என எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஆனால் அவர் வராவிட்டால் அது நடக்காது. அந்த ஒன்றுதான் அவரை மறுபடியும் வரவைத்தது.

எங்கள் மன்றத்தில் சூரியப் புள்ளிக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. மதிய இடைவேளையில் சிறிய தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து, ஏற்கெனவே வரைந்து வைத்த வட்டத்துக்குள், சூரியனின் பரப்பில் அவ்வப்போது தோன்றும் கரும்புள்ளிகளைக் குறிக்க வேண்டும். (தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு கணத்தில் பார்வை போய்விடும். பிம்பம் விழும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.) வேலை பத்து நிமிடம். மேகம் மூடியிருந்தால் தேதியைப் போட்டு 'மேகம்' என்று எழுத வேண்டும்.

2018-இல் இதைத் தொடங்கிய மாணவி அதிகம் பேசாதவர். அவர் தொடங்கிய நேரம் கடினமான நேரம். சூரியனின் செயல்பாடும் அதோடு புள்ளிகளின் எண்ணிக்கையும் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அப்போது அது அடிமட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2019-இல் பெரும்பாலான நாள்களில் புள்ளியே இல்லை. வெற்று வட்டம், அதன் கீழே தேதி, அவருடைய கையெழுத்து. பக்கம் பக்கமாக இப்படியே இருக்கும். "சார், ஒன்றுமே இல்லையே, நிறுத்திவிடட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டார். ஒன்றுமில்லை என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னேன். தொடர்ந்தார். 2020-இல் பள்ளி மூடிக் கிடந்த மாதங்களுக்குப் பக்கம் விட்டிருக்கிறோம். அந்தத் தாள்களை யாரும் கிழிக்கவில்லை. அதன் பிறகு குறிப்பேடு மூன்று கைகள் மாறியது. 2024-இல் வரைந்தவர் ஒரே வட்டத்துக்குள் ஏழெட்டுப் புள்ளிக்கூட்டங்களை அடக்க முடியாமல் திணறினார். பழைய குறிப்பேட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தபோது மன்றமே வாயடைத்து நின்றது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்த, சூரியச் சுழற்சி என்ற அந்த ஏற்ற இறக்கம் அங்கே அவர்கள் கைப்பட விரிந்து கிடந்தது. அந்த வெற்று வட்டங்கள் இல்லாவிட்டால் அதைக் கண்டிருக்க முடியாது.

இந்தச் சுழற்சி கண்டுபிடிக்கப்பட்ட கதையும் இதே போன்றதுதான். ஜெர்மனியின் டெசாவ் நகரில் மருந்தாளுநராக இருந்த சாமுவேல் ஹைன்ரிஷ் ஷ்வாபே, புதன் கோளுக்கும் உள்ளே இன்னொரு கோள் சுற்றுகிறதா என்று தேடினார். அது சூரியனைக் கடக்கும்போது கரும்புள்ளியாகத் தெரியும் என்பதால் 1826 முதல், சூரியன் தெரிந்த நாளெல்லாம் புள்ளிகளைக் குறித்துவந்தார். தேடிய கோள் கிடைக்கவில்லை. 17 ஆண்டுகள் கழித்து, 1843-இல், புள்ளிகள் தன் கணக்கில் ஏறக்குறைய 10 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்று அறிவித்தார். உயர்நிலைப் பள்ளியில் உங்களுக்கு 17 ஆண்டுகள் கிடையாது. குறிப்பேட்டுக்கு உண்டு.

ஆகவே மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரையோ, சுவரில் தொங்கும் பரிசுப் படங்களையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரக் கூட்டத்துக்கும் இந்த வாரக் கூட்டத்துக்கும் நடுவில் யார் என்ன செய்தார்கள்?" விவாத மன்றம் என்றால் யாராவது எதிர்த்தரப்பு வாதங்களைத் திரட்டியிருப்பார்கள். நாடக மன்றத்தில் வசனம் மனப்பாடம் ஆகியிருக்கும், திரைச்சீலை தைத்திருப்பார்கள். பள்ளிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை இரண்டு முறை திருத்தப்பட்டிருக்கும். பதில் வராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அது கூட்டத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் மன்றம். வேறு இடம் பாருங்கள்.

பிடித்த மன்றம் பெரியதாக இருந்து நீங்கள் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோவீர்கள் என்றால், ஐந்தாறு பேர் கொண்ட குழுவாகப் பிரிக்கச் சொல்லிப் பொறுப்பாசிரியரிடம் கேட்கலாம். 1907 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிப் போய் நடத்திய முகாமில் இதைத்தான் செய்தார். நான்கு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

விண்ணப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கும் பொது விண்ணப்பப் படிவத்தில் 10 செயல்பாடுகள் வரை எழுதலாம். அது உச்ச வரம்பு; நிரப்பியே ஆக வேண்டிய கட்டங்கள் இல்லை. மாணவர்களுக்காகப் பல பரிந்துரைக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஐந்து மன்றங்களில் உறுப்பினர் என்ற பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஓடுவதில்லை. அந்தக் குறிப்பேட்டு மாணவிக்கு எழுதியபோது ஒரு பக்கம் போதவில்லை.

வீட்டாரின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அது நியாயமான பயம். மாலை முழுதையும் விழுங்கும் மன்றங்கள் இருக்கின்றன, போட்டி நெருங்கும்போது வாரக்கணக்கில் வகுப்பைத் தவறவிடச் சொல்பவையும் இருக்கின்றன. சேருவதற்கு முன்பே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள்கள், தேர்வுக்கு எவ்வளவு முன்பு கூட்டங்கள் நிற்கும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டாவது மன்றத்தை விட்டுவிடுங்கள். ஒரு பருவத்துக்குப் பிறகு மதிப்பெண் இறங்கியிருந்தால், நீங்களே முதலில் வீட்டில் பேச்சை எடுங்கள்.

எங்கள் மன்றத்தில் இறுதித் தேர்வு எழுதும் வகுப்புக்குப் போகிறவர் குறிப்பேட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரம் ஓர் இளைய மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரையப் பழக்குவார். வட்டத்தில் வடக்கு எது, கிழக்கு எது, தாள் ஆடாமல் இருக்க எங்கே கையை ஊன்றுவது என்று எல்லாம் சொல்லித் தருவார். கடைசி நாளில் இருவர் கையெழுத்தும் ஒரே பக்கத்தில் இருக்கும். நீங்கள் சேரப்போகும் மன்றத்தில் அப்படி ஒரு பக்கம் இருந்தால், அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.