டீச்சரிடம் கேளுங்கள்: கோளாறு பெட்டியிலா, புரோகிராமிலா?

"சிஸ்டம் போயிடுச்சு டீச்சர்" என்றுதான் இந்த மாதமும் நிறையக் கடிதங்கள் ஆரம்பிக்கின்றன. போனது கையால் தொடக்கூடிய பாகமா, உள்ளே ஓடும் புரோகிராமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அது தெரியாமல்தான் தேவையில்லாத பில் கட்டுகிறோம்.

கேள்வி: சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை. சிபியு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். ரேம் என்று வேறு ஏதோ சொன்னார்கள். அதை மாற்றினால் கல்யாண போட்டோக்கள் போய்விடுமா?
(வாசகர், குன்னூர்)

அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள் ஐயா. நீங்கள் சிபியு என்று சொல்வது இரும்புப் பெட்டியை. ஊரே அப்படித்தான் சொல்கிறது. உண்மையில் சிபியு என்பது பெட்டிக்குள் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டின் மேல், ஃபேனுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் அளவு சில்லு. என் மேஜைக்கு வந்த பெட்டிகளில் அது கெட்டுப்போனவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பீப் சத்தம் நல்ல அறிகுறி. சுவிட்ச் போட்டதும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சின்ன புரோகிராம், வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிட்டுப் பார்க்கும். ரேம் என்ற தற்காலிக நினைவகப் பட்டை பதில் சொல்லவில்லை என்றால் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை, அதனால் சத்தம் போடுகிறது. நம் ஊரில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நேராக வீட்டுக்குள் வருகிறது. அந்த ஈரமும் தூசியும் ரேமின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பற்களில் படலமாகப் படிந்துவிடும்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தால் கழற்றி வையுங்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் ரேமைக் கொன்றுவிடும். பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு, கிளிப்பை விலக்கி ரேமை எடுங்கள். பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்தத் தங்கப் பற்களை மெதுவாகத் தேயுங்கள். துகளை வாயால் ஊத வேண்டாம், மூச்சிலும் ஈரம்தான். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டக் என்று கேட்கும் வரை அழுத்திப் பொருத்துங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வேறொரு ரேம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பெட்டி பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

கல்யாண போட்டோக்களுக்கு ஒன்றும் ஆகாது. ரேம் கரும்பலகை மாதிரி, வேலை நடக்கும்போது எழுதுவதற்கு மட்டும். கரண்ட் போனால் பலகை துடைத்ததாகிவிடும். ஹார்டு டிஸ்க்தான் நோட்டுப் புத்தகம். பலகையில் இருப்பதை நோட்டில் எழுதி வைப்பதைத்தான் 'சேவ்' என்கிறோம்.

கேள்வி: தினமும் காலையில் கம்ப்யூட்டரில் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. பேங்க் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பற்றது என்கிறது. வைரஸா அக்கா?
(வாசகி, மஞ்சூர்)

வைரஸ் இல்லை அம்மா, பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட வேண்டுமே, அதற்காக மதர்போர்டில் வட்டமாக ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 தான். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இது அசல் தளம்தான் என்று காட்ட பேங்க் தளம் வைத்திருக்கும் மின்னணுச் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு. உங்கள் கணினி பழைய வருடத்தில் நிற்பதால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. கோளாறு பாகத்தில், அது வெளியே தெரிவது புரோகிராமில். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்யுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். தீர்ந்ததுதானே என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. மழைக்காலத்தில் அதிகம். பரவாயில்லையா?
(வாசகர், கூடலூர்)

பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எர்த் இல்லை என்று அர்த்தம். பெட்டிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் பெட்டியின் உலோக உடம்போடு இணைந்திருக்கும். அதன் வழியே வரும் துளி மின்சாரம் எர்த் கம்பியில் இறங்கிவிட வேண்டும். எர்த் அறுந்திருந்தால் பெட்டியின் உடம்பிலேயே நிற்கும், சுமார் 115 வோல்ட் வரை. அளவு குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் நாளை உள்ளே ஒரு கம்பி தோல் உரிந்து பெட்டியின் உடம்பில் பட்டால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உங்கள் பிள்ளைதான் எர்த். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் சொருகுவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை பெட்டியை ஆன் செய்யாதீர்கள்.

கேள்வி: ஊட்டி உயரத்துக்கு ஹார்டு டிஸ்க் சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறான் அண்ணன். நிஜமா?
(மாணவர், ஊட்டி)

அண்ணன் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது தம்பி. லேப்டாப் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். படிக்கும் முனை தட்டில் படாமல் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும். அந்த இடைவெளி ஒரு தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்று மிகவும் மெலிந்தால் முனை தாழ்ந்துவிடும். ஆனால் பெரும்பாலான டிஸ்குகளை 3,048 மீட்டர் வரை ஓட்டலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637தான். எஸ்எஸ்டி என்ற, சில்லுகளில் சேமிக்கும் புதுவகை டிஸ்க் என்றால் சுற்றும் தட்டே கிடையாது.

நீ பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. உறைபனி விழும் ஜனவரி ராத்திரியில் ஜீப்பிலேயே கிடந்த லேப்டாப்பை, காலையில் டீ கொதிக்கும் சமையலறைக்குள் கொண்டுவந்து உடனே ஆன் செய்தால், மூக்குக் கண்ணாடி மங்குகிற மாதிரி உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விடு.

கேள்வி: மறைந்த என் அப்பா படுகப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் டைப் செய்து வைத்திருந்தார். புதுக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. அழிந்துவிட்டதா?
(வாசகி, கோத்தகிரி)

ஒரு எழுத்துகூட அழியவில்லை அம்மா. கணினி எழுத்தை எண்ணாகத்தான் சேமிக்கும். எண்ணுக்கு உருவம் கொடுப்பது ஃபான்ட். பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் உருவத்தை உட்கார வைத்தன. பாமினியில் அப்பா 'அம்மா' என்று அடித்திருந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். அதில் 'அ' என்பது 109, ஆங்கில எம்மின் எண். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் இன்றைய யூனிகோடு முறையில் 'அ' 2949. அந்த எண் வேறு எந்த எழுத்துக்கும் கிடையாது.

கோப்பை வேர்டில் திறந்து, வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே ஃபான்ட் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஃபான்ட்டை நிறுவினால் பாட்டு அப்படியே தெரியும். அப்புறம் அந்தப் பெயருக்கான யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி விழும். பாட்டுத் தெரிந்த பெரியவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாக வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். அப்பா வைத்த மூலக் கோப்பை மட்டும் தொடாமல் இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை உங்கள் தங்கை வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.